கண்ணாடியின் விலை

பிரேசர் டவுன் போன்ற நகர்ப்பகுதிக் கடைகளில் அழகிய சட்டமிட்ட சுவர்க்கண்ணாடி பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுகிறது. அதை விலைகொடுத்து வாங்குவதைவிட, வீட்டிலேயே செய்வது சிறந்தது.

முற்காலத்தில் கண்ணாடியே அரும்பொருளாக இருந்தது. 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், கண்ணாடியின்மீது வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். காலப்போக்கில் அது எளியோர் இல்லங்களையும் எட்டியது. இன்று விலையை உயர்த்துவது பெரும்பாலும் சுற்றியுள்ள வேலைப்பாடே.

குஜராத்தின் கட்ச் பகுதிப் பெண்கள், களிமண்ணில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துத் தம் வீட்டுச் சுவர்களை அழகுசெய்தனர். 'லிப்பன்' எனப்படும் அக்கலைக்குச் செல்வம் தேவைப்படவில்லை, பொறுமையே தேவைப்பட்டது.

அவ்வழியே, தடித்த அட்டையின் நடுவில் சிறு கண்ணாடியை ஒட்டலாம். சுற்றிலும் பசை கலந்து பிசைந்த களிமண்ணால் கோலமிட்டுச் சில்லுகளைப் பதிக்கலாம்; காய்ந்தபின் வண்ணம் தீட்டலாம். கண்ணாடி வெட்டும் வேலையைக் கடைக்காரரிடமே விடுதல் நன்று. முற்றமில்லாத மாடிவீட்டில் பாட்டியின் கோலத்திற்கும் இவ்வாறு ஓர் இடம் கிடைக்கும்.

கடைப்பொருளின் நேர்த்தி இதில் இராது என்பர் சிலர். உண்மையே. ஆயினும், கைவினைஞரின் உழைப்புக்கு ஏன் அவ்வளவு விலை என்பதைத் தம் கையால் செய்து பார்த்தவரே நன்கு உணர்வர்.