ஆறிலக்கத்தின் அருமை

கடிதம் எழுதப் புகுவோர் அதன் உள்ளுறையைப் பன்முறை எண்ணி, அடித்தும் திருத்தியும் எழுதுகின்றனர். மேலுறையை மட்டும் ஒரு நொடியில் எழுதி முடித்துவிடுகின்றனர். உள்ளே எத்துணை அரிய செய்தி இருப்பினும், மேலே எழுதும் நான்கு வரி பிழைபடுமாயின், அச்செய்தி உரியவர் கையை உரிய காலத்தில் எய்துவதில்லை. அந்நான்கு வரியுள்ளும் பலராலும் எளிதாக எண்ணப்படுவது இறுதியில் நிற்கும் ஆறிலக்க எண்ணேயாகும். பின்கோடு என்று நாம் வழங்குவது இதனையே. சென்னையின் மேற்குப் புறநகரங்களாகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்பவற்றைச் சான்றாக வைத்து, இவ்வெண்ணைப் பிழையின்றி முழுமையாக எழுதுதல் நம் ஒவ்வொருவரின் கடமை என்பதனையும், அவ்வெண் ஒன்றே விலாசம் ஆகிவிடாது என்பதனையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இம்முறை நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள், விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த அந்நாளில், நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி தேசத்தில் 1941 இலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1963 இலும் இத்தகைய எண்முறைகள் ஏற்பட்டிருந்தன. நம் நாட்டுக்குரிய முறையை வகுத்தவர், மத்திய அரசின் செய்தித் தொடர்பு அமைச்சில் உயர்பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர். அவர் வடமொழியில் கவிதையும் நாடகமும் இயற்றிய புலவருமாவார். இலக்கியம் பயில்வோர் உலகியலுக்கு உதவார் என்று நம் போன்றாரை நகைப்பவர்க்கு இஃது ஒன்றே தக்க விடையன்றோ?

இம்முறை வேண்டப்பட்டமைக்குக் காரணம் வெளிப்படை. நம் நாடு பல மொழிகளும் பல எழுத்துக்களும் வழங்குவது. ஒரே பெயருடைய ஊர்கள் பல; ஓர் ஊருக்கே பெயர்கள் பல. கையெழுத்தோ, எழுதியவர்க்கே சில வேளை விளங்குவதில்லை. தமிழில் எழுதிய விலாசத்தைப் படிக்க அறியாத வடநாட்டுப் பணியாளரும், எண்ணைக் கண்ட அளவிலே, இக்கடிதம் தெற்கு நோக்கிச் செல்வது என்று அறிந்து அதற்குரிய பையில் இடுவர். மொழி அறியாதார்க்கு எண்ணே மொழியாய் நின்று உதவுகின்றது.

இனி, இவ்வெண்ணின் அமைப்பைச் சிறிது ஆராய்வோம். அம்பத்தூரின் எண் 600053. இதன் முதல் இலக்கமாகிய 6 என்பது, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றை உள்ளடக்கிய மண்டலத்தைக் குறிக்கும். நாட்டில் இத்தகைய மண்டலங்கள் 9. அவற்றுள் 9 என்னும் எண் படைத்துறைத் தபாலுக்கு உரியது. முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தின் உட்பிரிவையும், முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும் காட்டும். 600 என்பது சென்னை. எஞ்சிய 053 என்பது கடிதத்தை வீடுதோறும் வழங்கும் தபால் நிலையத்தைச் சுட்டும். எனவே, இவ்வாறு இலக்கங்களும் பொருளற்ற குவியல் அல்ல. மண்டலம், பகுதி, நகர், நிலையம் எனப் படிப்படியாக இறங்கிவரும் ஒரு சொற்றொடர் போல்வன. ஓர் எழுத்துப் பிறழினும் சொல்லின் பொருள் கெடுதல் போல, ஓர் இலக்கம் பிறழினும் கடிதத்தின் வழி கெடும்.

அவ்வாறு கெடுதல் எங்ஙனம் என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. 53 என்பதனை 35 என மாற்றி எழுதின், அம்பத்தூர்க் கடிதம் நந்தனம் செல்லும். ஆவடிக்குரிய 54 என்பது 45 ஆயின், கடிதம் தாம்பரத்தைச் சாரும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குரிய 58 என்பது 85 ஆயின், கோட்டூர்புரத்து நிலையத்தில் போய்க் கிடக்கும். ஆண்டுள்ள பணியாளர் பிழையை உணர்ந்து திருப்பி அனுப்புதலும் கூடும். ஆயினும் இடையே கழிந்த நாட்களைத் திருப்பித் தருவார் யார்? வேலைக்கு நேரில் வருமாறு அழைக்கும் கடிதத்தைக் குறித்த நாள் கழிந்தபின் பெறும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்மின்! அவனுக்கு அது கடிதம் அன்று, வெறுங் காகிதமே.

பெயரொற்றுமையால் விளையும் மயக்கத்திற்கும் இப்புறநகரங்களே நல்ல சான்றாகும். அம்பத்தூரை அடுத்துள்ள திருமுல்லைவாயில், தேவாரப் பாடல் பெற்ற தலம். சீர்காழிப் பக்கத்திலும் திருமுல்லைவாயில் என்னும் பாடல் பெற்ற தலம் ஒன்று உண்டு. நம் முன்னோர் இவ்விரண்டனையும் வட திருமுல்லைவாயில், தென் திருமுல்லைவாயில் என வேறுபடுத்தி வழங்கினர். பூவிருந்தவல்லிக்கு அணித்தான திருவேற்காடும், சீர்காழிப் பக்கத்துத் திருவெண்காடும் சிறிதளவே வேறுபட்டு மயங்கும் பெயர்களே. விரைந்து எழுதிய ஆங்கில எழுத்தில் அவ்வேறுபாடும் மறைந்து போகும். சீர்காழிப் பகுதியின் எண்கள் 609 என்று தொடங்குவன. வட திருமுல்லைவாயிலின் எண்ணோ 600062. பண்டை நாளில் வட, தென் என்னும் அடைமொழிகள் செய்த பணியை இன்று மூன்று இலக்கங்கள் செய்கின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனச் சங்கப் புலவர் பெயர்களை ஊரும் தொழிலும் சேர்த்து வழங்கிய மரபினர் நாம். ஒரு பெயருடையார் பலர் இருப்பின் அவரைப் பிரித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. அதற்குரிய கருவியே புதியது.

ஊர்ப்பெயரின் வடிவ வேறுபாடும் கருதற்பாலது. பூவிருந்தவல்லி என்று எழுத்திலும், பூந்தமல்லி என்று பேச்சிலும், பூனமல்லி என்று ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வடிவிலும் ஓர் ஊரே வழங்குகின்றது. எவ்வடிவில் எழுதினும் 600056 என்னும் எண் உடன் நிற்குமாயின் மயக்கம் இல்லை.

இவ்வெண்ணின் மற்றொரு சிறப்பு அதன் நிலைபேறு. ஏரியும் வயலுமாய் இருந்த இச்சிற்றூர்கள், 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டதனாலும், அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்ததனாலும், சில பத்தாண்டுகளுக்குள் பெருநகரின் உறுப்புக்களாயின. ஆட்சியெல்லைகளும் பன்முறை மாறின. 1997 இல் திருவள்ளூர் மாவட்டம் தோன்றியது. 2011 இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018 இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. 2019 இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. இத்துணை மாற்றங்களுக்கிடையிலும் அம்பத்தூர் 600053 ஆகவே நிற்கின்றது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பினும் அவற்றின் எண்கள் 600 என்றே தொடங்குகின்றன. பட்டாபிராமின் எண் 600072. அதற்கு மேற்கே இரயிலில் சில நிமிடத் தொலைவிலுள்ள திருநின்றவூரின் எண் 602024. ஆதலின், மாவட்டத்தைக் கொண்டோ அண்டை ஊரைக் கொண்டோ எண்ணை ஊகித்தல் தவறாகும். தன் தபால் நிலையத்தின் எண்ணை அறிந்தே எழுதுதல் வேண்டும்.

வாணிகத்துறையினர்க்கு இஃது இன்னும் இன்றியமையாதது. அம்பத்தூர் என்று மட்டும் எழுதினால் ஊரைச் சார்ந்த 53 ஆ, தொழிற்பேட்டையைச் சார்ந்த 58 ஆ என்னும் ஐயம் எழும். சிறிய பட்டறை ஒன்றை நடத்துவோர் தம் பலகையில் ஓர் எண்ணும், பட்டியலில் வேறோர் எண்ணும், வங்கிக் கணக்கில் பழைய விலாசமும் வைத்திருத்தல் உண்டு. சரக்கு சேவை வரிப் பதிவிலும் விலாசம் பின்கோட்டோடு கூடியே அமைகின்றது. சரக்கு வண்டிக்குரிய மின்வழிச் சீட்டு எடுக்குங்கால், புறப்படும் இடத்தின் எண்ணையும் சேரும் இடத்தின் எண்ணையும் கொண்டே இடைத்தூரம் கணக்கிடப்படுகின்றது. அத்தூரத்துக்கு ஏற்பவே சீட்டு செல்லும் காலமும் அமைகின்றது. 2021 சனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது பொது விதி. கோயம்புத்தூருக்கு உரிய எண்கள் 641 என்று தொடங்குவன. அதனை 614 எனப் பிறழ எழுதின், கணக்கு மன்னார்குடிப் பக்கம் சென்றுவிடும். சென்னையிலிருந்து கோவை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மன்னார்குடியோ அதனினும் மிகக் குறைவு. கிடைக்க வேண்டிய மூன்று நாட்களில் ஒன்று குறையும். வண்டி வழியில் நின்று பழுதுபடின், சீட்டின் காலம் கடந்து தண்டமும் நேரலாம். இரண்டு இலக்கம் இடம் மாறியதன் பயன் இது!

இக்காலத்தில் கைபேசியும் நிலப்படமும் இருக்க இவ்வெண் எதற்கு என வினவுவாரும் உளர். பொருள் கொணரும் இளைஞர் பேசியில் அழைத்து வழிகேட்டு வந்துவிடுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் அப்பொருளை வாங்கப் புகும்போது முதற்கண் கேட்கப்படுவது பின்கோடு அன்றோ? கடவுச்சீட்டும், வங்கி அட்டையும், நீதிமன்ற அறிவிப்பும் இன்றும் விலாசத்தை நம்பியே வருகின்றன. வழிகேட்கும் அழைப்பை எடுக்க இயலாத முதியோர்க்கும், தமக்கெனப் பேசி இல்லாதார்க்கும் தபாற்காரரே துணை. 2025 ஆம் ஆண்டில் தபால் இலாகா டிஜிபின் என்னும் பத்தெழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. அது நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி தருவது. அதனை மனமுவந்து வரவேற்கின்றோம். எனினும் அது நிலத்தின் புள்ளியைக் காட்டுமேயன்றி, அப்புள்ளியின் மீது எழுந்த அடுக்கு மாடியில் யார் எம்மாடியில் வாழ்கின்றார் என்று காட்டாது. அது பின்கோட்டிற்குத் துணையாக வந்ததேயன்றி, அதனை நீக்க வந்ததன்று.

மறுபுறம், எண்ணை எழுதிவிட்டோம், இனித் தெருவின் பெயர் எற்றுக்கு என்று அயர்ந்திருப்பாரும் உளர். இதுவும் பிழையே. பின்கோடு கடிதத்தைத் தபால் நிலையத்தின் வாயில் வரையில் கொண்டு சேர்க்கும். அவ்வாயிலினின்றும் வீட்டு வாயில் வரையுள்ள வழியைத் தெருவும் கதவெண்ணுமே காட்ட வேண்டும். நம் புறநகரங்களிலோ, நகர் தோறும் ஒரு காந்தி தெரு, நகர் தோறும் ஒரு நேரு தெரு. முதல் தெரு, இரண்டாம் தெரு என்பவற்றிற்குக் கணக்கே இல்லை. பழைய எண், புதிய எண் என்னும் இரட்டை எண்கள் வேறு. ஒரே பின்கோட்டுக்குள் ஒரே பெயருடைய தெருக்கள் பல இருக்குமாயின், ஆறிலக்கம் என்செய்யும்? நெடுநாள் பழகிய தபாற்காரர் ஆள்பெயர் கொண்டு இடம் அறிகின்றார். அவர் மாறிச் சென்றபின் வரும் புதியவர் தெருத்தெருவாய் அலைகின்றார். ஒருவரின் நினைவாற்றலை நம்பி ஓர் ஊரின் விலாசம் நிற்றல் தகுமோ?

ஆதலின் நாம் வேண்டுவன இவை. உள்ளாட்சி மன்றங்கள் ஒரே பின்கோட்டுக்குள் வரும் தெருக்களில் பெயர் மீண்டும் மீண்டும் வாராதவாறு ஒழுங்கு செய்தல் வேண்டும். தெருப்பலகை தோறும் பெயரின் கீழ்ப் பின்கோட்டையும் பொறித்தல் வேண்டும். பழைய கதவெண்ணுக்கு ஒரு முடிவு காண வேண்டும். வாணிகர் பலகை, பட்டியல், வங்கி, வரிப்பதிவு ஆகிய நான்கிலும் ஒரே விலாசத்தை ஒரே வடிவில் வைத்தல் வேண்டும். சென்னை-53 எனச் சுருக்கி எழுதும் பழைய வழக்கத்தை முதியோர் இன்னும் விட்டிலர். அவர்க்கு ஆறிலக்கத்தையும் எழுத நினைவூட்டுதல் இளைஞராகிய நம் பொறுப்பு.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். எழுதவும் படிக்கவும் அறியாதார் நம் வீட்டின் அருகே வாழ்தல் கூடும். ஓய்வூதியத்துக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பம் எழுதித் தருமாறு அவர் நம்மை நாடுங்கால், விலாசத்தை அவர் வாய்மொழியாகச் சொன்ன அளவில் எழுதி அமையாது, கதவெண், தெரு, நகர், தபால் நிலையம், பின்கோடு என்பவற்றை வரிசையாகக் கேட்டறிந்து, ஆறிலக்கத்தையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்து எழுதித் தருவோமாக. அஞ்சலட்டையில் ஆறு சிறு கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை நிரப்புதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. அவற்றை வெறுமையாய் விடுவதால் ஓர் ஏழைக்கு நேரும் இழப்போ சில மாதங்களாகவும் இருக்கலாம்.