முதற் கடதாசியைப் போடுமுன்



இறப்பர்த் தோட்டத்தில் மழை நாளென்றால் பால் வெட்டு இல்லை. அப்படியொரு நாளில்தான், இறக்குவானைப் பக்கத்து லயமொன்றின் இஸ்தோப்பில், நான்கு பெண்கள் சாக்கு விரித்து '304' ஆடுவதைக் கண்டேன். காசு வைத்து அல்ல, புளியங்கொட்டை வைத்து.

கற்றுக்கொடுத்தவர் ஓர் அக்கா. 1977 வன்செயலின்போது சிறுபிள்ளையாக இங்கிருந்து வவுனியாவுக்குப் போனவர். 2009இல் கணவனை இழந்து, செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் இருந்து, பிறகு சித்தி மகளின் காம்பராவுக்கே திரும்பி வந்தவர். ஆட்டம் படித்தது முகாமில், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியிடம். நாம் சீட்டு என்பதை அவர் கடதாசி என்பது அதனால்தான்.

கோவில் கமிட்டிப் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளைங்க சீட்டத் தொட்டா குடும்பம் வெளங்குமா?" என்று என்னிடமே கேட்டார். சம்பளத்தைச் சீட்டில் தொலைத்த ஆண்களை நானும் கண்டவள். நிறுத்தச் சொல்லத்தான் போனேன். போனவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

304இல் 32 கடதாசி. எதிரெதிரே இருப்பவர் கூட்டாளி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் 304. முதலில் ஆளுக்கு நாலுதான் வரும். அந்த நாலைப் பார்த்தே 160இலிருந்து கேட்க வேண்டும். கேள்வி எடுத்தவர் துரும்பைத் தீர்மானித்து ஒன்றைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலும் வரும்.

அன்று அக்காவுக்கு வந்தவை ஆட்டின் ஜாக், ஒன்பது, எட்டு, ஸ்பேட் ஜாக். 170 கேட்டு, ஆட்டினைத் துரும்பாக்கினார். பிந்தி வந்தவை ஆட்டின் ஏழு, ஸ்பேட் ஒன்பது, டைமன் ராணி, கிளாவர் ஏழு. உடனே ஆடவில்லை. உதடு அசைய எண்ணினார். பெரிய நான்கும் சேர்ந்து 100. மிச்சம் 70 எங்கிருந்து வரும்?

ஸ்பேட் ஜாக்கை முதலில் போட்டால், ஸ்பேட் இல்லாதவள் துரும்பால் வெட்டி 30ஐயும் கொண்டு போய்விடுவாள். ஆகவே துரும்பைத் திறந்து, முறை வந்ததும் ஆட்டின் ஜாக், அடுத்து ஒன்பது. வெளியே கிடந்த துரும்பு நாலும் விழுந்தன, அவற்றில் 26. பிறகுதான் ஸ்பேட். அதிலும் வெளியே 26. எல்லாம் விழுந்தாலும் மொத்தம் 152தான். குறையும் 18ஐக் கூட்டாளிதான் தர வேண்டும். அதற்காகவே எட்டையும் ஏழையும் கடைசிவரை வைத்திருந்தார். அவை பிடிக்கும் பிடிகளில் கூட்டாளி டைமன் ஏஸையும் பத்தையும் போட்டுக்கொடுத்தார். கேள்வி நிறைவேறியது.

உலகமெங்கும் ஆடும் பிரிட்ஜ் இதற்கு உறவுதான். அங்கே 52 கடதாசி, ஆளுக்கு 13. எதிரணி முதற் கடதாசியைப் போட்டதும், கேள்வி எடுத்தவரின் கூட்டாளி தன் 13ஐயும் மேசையில் திறந்து வைத்துவிடுவார். இரு கையையும் ஒருவரே ஆட வேண்டும். நல்ல ஆட்டக்காரர் அந்த இடத்தில் நின்று, நிச்சயமான பிடி எத்தனை, போகக்கூடியது எத்தனை என்று எண்ணிய பிறகே கையை நீட்டுவார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் பிரணாப் பர்தன், 60 வயதில், ஷிப்நாத் சர்க்காருடன் சேர்ந்து தங்கம் வென்றது பிரிட்ஜில்தான். சீட்டுக்குத் தங்கமா என்று லயத்தில் யாரும் நம்பவில்லை! 304இல் கூட்டாளியின் கை தெரியாது என்பதால் நம்முடையதே கடினம் என்பது அக்காவின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

"விட்டா என்ன அக்கா, பெரியவர் கோபப்படுறாரே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

கடதாசியைக் கலைத்தபடியே சொன்னார்: "இங்கேருந்து வவுனியாவுக்குப் போறப்ப என்னையக் கேக்கல. முள்ளிவாய்க்கால் பக்கம் போறப்பவும் கேக்கல. துரும்பு எதுன்னாவது நான் சொல்லிட்டுப் போறேனே, மிஸ்."

பெரியவரிடம் போய், காசு புழங்கவில்லை, வேலை நேரத்தில் ஆடவில்லை, இதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். முழு மனதாக ஒப்பவில்லை. ஆனால் அதன்பின் கேட்கவுமில்லை.

போன மாதம் ஓராள் குறைய நான் உட்கார்ந்தேன். இரண்டு ஜாக் வந்த சந்தோஷத்தில் 200 கேட்டுத் தோற்றேன். கூட்டாளியான அக்கா திட்டிய திட்டை இங்கே அச்சிட முடியாது. புளியங்கொட்டை கடன் இன்னும் இருக்கிறது.