கார்பன் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடும் முன்

32 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டி விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவர்களும் படித்ததில்லை, நானும் படியுங்கள் என்று சொன்னதில்லை. அந்தப் பாவமோ என்னவோ, போன மாசம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் முறை எனக்கு வந்தது.

ஒரு நிறுவனத்திலிருந்து இளைஞர் ஒருவர் வந்திருந்தார். "ஐயா, மண்ணுல நீங்க சேர்க்கிற கரிமத்துக்குக் காசு வரும். பட்டா நகல், ஆதார், பாஸ்புக் இருந்தா போதும்" என்றார். எட்டு வருஷமாக ரசாயனம் படாத என் மூன்று ஏக்கர் அவருக்கு வேண்டாமாம். "நீங்கதான் ஏற்கெனவே மாறிட்டீங்களே!" போன வருஷம் நான் வாங்கிய, யூரியா தின்று பழகிய இரண்டு ஏக்கர்தான் வேண்டுமாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 14 பக்கம். காலம் 20 வருஷம். எனக்கு இப்போது வயது 66.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு மேல்மண் ஏறத்தாழ 850 டன் இருக்கும். அதில் கரிமம் 0.1 சதவீதம் கூடினால் 850 கிலோ. அதை கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்ற 3.67 ஆல் பெருக்க வேண்டும். சுமார் 3 டன் வரும். டன்னுக்கு ஒரு கிரெடிட். நம்ம ஊர் வெயிலில் அந்த 0.1-ஐ ஏற்ற எத்தனை வருஷம் மூடாக்கும் தொழு உரமும் பலதானிய விதைப்பும் வேண்டும் என்பது மண் பரிசோதனை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரெடிட் ஒன்று 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 3,000 ரூபாய். அதிலும் அளவீடு, சரிபார்ப்பு, நிறுவனத்தின் பங்கு எல்லாம் போகத்தான் நமக்கு. ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க முடியாது.

காசு குறைவு என்பதல்ல என் புகார். அதற்கு ஈடாக எதை எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான். 2022-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம், விவசாயத்தில் தன்னார்வ கார்பன் சந்தைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்லது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கரிமம் பட்டாதாரருக்குச் சொந்தமா, குத்தகைக்கு உழுகிறவருக்குச் சொந்தமா என்று தனியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. அப்போது அந்த 14 பக்கம்தான் சட்டம்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு 2011-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மண்ணில் சேர்த்த கரிமத்தை 25 வருஷம் அல்லது 100 வருஷம் காப்பாற்ற வேண்டும். 25 என்று தேர்ந்தெடுத்தால் கிரெடிட்டில் 20 சதவீதம் பிடித்தம். நிலம் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இதைப் படித்தபோது எனக்குள் இருந்த பழைய மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வங்கி சம்மதம் கேட்கிறார்கள் என்றால், நிலத்தின் மேல் ஒரு பாரம் ஏறுகிறது என்றுதானே அர்த்தம்? நம்ம ஊரில் இது வில்லங்கச் சான்றில் வருமா? நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கர் விற்கப் போனால் வாங்குகிறவர் என்ன கேட்பார்?

என் கையில் இருந்த ஒப்பந்தப்படி, நிலத்தை வாங்குகிறவரும் அதே நிபந்தனையை ஏற்க வேண்டும். கரிமம் குறைந்தால் கொடுத்த காசை அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷம் மழை பொய்த்தால் கரிமம் தானாகவே இறங்கும். அது நம் குற்றமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டம் இதில் கொஞ்சம் நேர்மையானது. பல நூற்றாண்டு நிற்கிற சேமிப்பு வேறு, விவசாயி மண்ணில் வைக்கிற சேமிப்பு வேறு என்று பிரித்துவிட்டது. விவசாயிக்குக் குறைந்தது 5 வருஷம். கண்காணிப்புக் காலம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் அந்தக் கிரெடிட் காலாவதி. மண்ணில் கரிமம் வைப்பது நிரந்தர விற்பனை இல்லை, வாடகை மாதிரி என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நமக்கும் அப்படித்தான் வேண்டும்: ஐந்து வருஷ ஒப்பந்தம், தமிழில், வறட்சிக்கு விலக்கோடு, குத்தகைதாரர் பங்கு இவ்வளவு என்று எழுதி.

இன்னொன்று. புதிதாகச் சேர்வதற்கு மட்டும்தான் கிரெடிட் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் எங்கோ ஒரு ஆலை புகையை விடப்போகிறது. எப்படியும் நடந்திருக்கும் வேலைக்குக் கிரெடிட் கொடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். சரி. ஆனால் பத்து, இருபது வருஷம் நஷ்டப்பட்டு மண்ணை மீட்டவர்களைச் சந்தை கண்டுகொள்ளாது என்றால், அரசு கண்டுகொள்ள வேண்டாமா? உர மானியம் யூரியா போடுகிறவருக்குப் போகிறது, கிரெடிட் இப்போது மாறுகிறவருக்குப் போகிறது. நடுவில் நாம். சேர்த்த கரிமத்தைக் காத்து நிற்பவருக்கு, சந்தைக்குச் சம்பந்தமில்லாமல், பட்ஜெட்டிலிருந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்கச் சொல்லி நம் இயக்கம் கேட்க வேண்டும். கிரெடிட்டை விட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்த வயசில் டார்கெட் பிடித்தவன்தான். போன வாரம் மறுபடி போன் பண்ணினார். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கேட்டேன். "மேல கேட்டுச் சொல்றேன் ஐயா" என்றார். இன்னும் வரவில்லை.