தொட்டிக்குள் ஒரு வரப்புத் தகராறு

கீழ்வேளூர் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு வரப்புத் தகராறு என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. வீட்டுத் தொட்டியில் வளரும் குள்ள கௌராமி மீனுக்கும் அதே வியாதிதான்! கங்கைச் சமவெளியில் செடிகள் அடர்ந்த நீர்நிலைகளைச் சேர்ந்த இந்த மீனில், ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டிக் காவல் காக்கும். இன்னொரு ஆண் வந்தால் துரத்தும். குளத்தில் தோற்றது ஓடிப் பிழைக்கும். இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்? மூச்சு வாங்க மேலே வந்தாலும் அடிதான்.

பளிச்சென்ற நிறம் ஆணுக்கே என்பதால் கடைகளில் பெரும்பாலும் ஆண்தான் கிடைக்கிறது. அழகுக்காக இரண்டை வாங்கிப் போட்டுவிட்டு, 'சண்டைக்கார மீன்' என்று பழிப்பது நியாயமா? சின்னத் தொட்டிக்கு ஒரு ஆண், இரண்டு பெண், நிறைய மிதக்கும் செடிகள் போதும். பெண் மீன் கிடைக்கவில்லையா? ஒரே ஆணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது!