ஒய் தேய்ந்தால் ஆண் மறைவானா?

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. “ஆண் இனம் அழியப்போகிறது, விஞ்ஞானிகள் எச்சரிக்கை!” சித்தப்பா சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளினார். பாட்டி மட்டும் உண்மையாகவே கவலைப்பட்டு, உயிரியல் படிக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

செய்தி முழுப் பொய் அல்ல. எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதிரியான இணையாக இருந்தவை. எக்ஸ் இன்றும் கிட்டத்தட்ட 900 மரபணுக்களை வைத்திருக்கிறது. ஒய் 2023இல்தான் முழுமையாகப் படித்து முடிக்கப்பட்டது. புரதம் உருவாக்கும் மரபணுக்கள் 106, அவற்றிலும் பல ஒன்றின் பிரதிகள். இதே வேகத்தில் தேய்ந்தால் இன்னும் சில மில்லியன் ஆண்டுகளில் ஒய் காணாமல் போகலாம் என்றார் ஆஸ்திரேலிய மரபியலாளர் ஜெனிபர் கிரேவ்ஸ். அந்த ‘சில மில்லியன் ஆண்டுகள்’ வாட்ஸ்அப்பில் வரவில்லை. மனித இனம் தோன்றியே சுமார் 300,000 ஆண்டுகள்தான் ஆகின்றன!

அந்த வேகமும் சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவின் டேவிட் பேஜ் குழு 2012இல் மனித ஒய்யை ரீசஸ் குரங்கின் ஒய்யோடு ஒப்பிட்டது. கடந்த 25 மில்லியன் ஆண்டுகளில் மனித ஒய் இழந்த பழைய மரபணு ஒன்றே ஒன்று. தேய்வு எப்போதோ நின்றுவிட்டதுபோல் தெரிகிறது. எனக்கு இந்தத் தரப்பே வலுவாகப் படுகிறது.

சரி, ஒய் போயே போனால்? ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் வாழும் முள்ளெலிக்கு ஒய் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஓர் எக்ஸ்தான். ஆனாலும் ஆண் எலிகள் பிறக்கின்றன. வழக்கமாக ஒய்யிலுள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு, சோக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை முடுக்கிவிடும், விந்தகம் உருவாகும். இந்த எலியிடம் எஸ்ஆர்ஒய்யும் இல்லை. சோக்ஸ்9க்கு அருகே சுமார் 17,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, ஆண் எலிகளில் மட்டும் இரட்டித்திருப்பதை ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் அசாதோ குரோய்வா குழு 2022இல் கண்டுபிடித்தது. பழைய விசை போனது, புது விசை வந்தது.

சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கியது. அடுத்த தலைமுறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் முதலில் அங்கே படலாம்.

பாட்டிக்கு எலியில் அவ்வளவு ஆர்வமில்லை. “அப்போ ஆம்பளப் புள்ளைக்கான அந்த ஒய் யார்கிட்ட இருந்து வருது?” என்றார். அப்பாவிடமிருந்து மட்டும்தான் வரும், தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ் என்றேன்.

சற்று நேரம் பேசவில்லை. மூன்று அத்தைமார் பிறந்த பிறகே என் அப்பா பிறந்தார். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் பாட்டி கேட்ட ஏச்சு வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“இதைப் பெரிய எழுத்துல எழுதி குரூப்ல போடு,” என்றார். போட்டேன். சித்தப்பா இன்னும் பதில் அனுப்பவில்லை.