வேலை வாங்குபவர் ஒருவர், முதலாளி இன்னொருவர்

மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் பெலிக்காட், நம் பழவேற்காடுதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இந்த ஊர்தான். துணிக்கட்டுகள் இங்கிருந்து கப்பலேறின. ஆனால், அவற்றை நெய்தவர்கள் கம்பெனியின் ஆட்கள் இல்லை. மலையா, சின்னண்ணா என்ற செட்டி சகோதரர்களைப் போன்ற பெருவணிகர்களிடம் கம்பெனி பேசும், முன்பணமும் கொடுக்கும். அந்தப் பணம் பல கை மாறித்தான் தறிக்காரருக்கு வரும். துணி தரத்தில் குறைந்தால் கம்பெனி கழித்துவிடும். அந்த நட்டமும் அதே வழியில் இறங்கித் தறிக்காரர் தலையில் விடியும். யாருக்காக நெய்தாரோ அவரிடம் போய்க் கேட்க அவருக்கு வழியில்லை.

இடையில் ஆள் வைக்கும் அந்த வழக்கம் இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் ஆள் எடுக்கும்போது ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு’ என்றொரு ஏற்பாட்டைச் சொல்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் முதலாளி என்று புரிந்துகொள்ளலாம். பெர்லினில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு இந்தியாவில் ஐந்து பேர் தேவை. ஐந்து பேருக்காக இங்கே ஒரு கம்பெனியைப் பதிவுசெய்து, இயக்குநர்களை நியமித்து, வங்கிக் கணக்கு, வரி எண், வருங்கால வைப்புநிதி என்று அலைய அதற்கு மனமில்லை. ஏற்கெனவே இங்கே பதிவாகியுள்ள ஓர் இடைநிலை நிறுவனத்திடம் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பேசிவிடுகிறது. நியமனக் கடிதம் இடைநிலை நிறுவனத்தின் பெயரில் வரும். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, பி.எஃப். கட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. என்ன வேலை, எத்தனை மணிக்குக் கூட்டம், யாருக்கு உயர்வு, யாரை அனுப்புவது என்பதெல்லாம் பெர்லினில் முடிவாகும். இத்தொழிலில் இன்று பெரிய பெயர்களான டீல், ரிமோட் இரண்டுமே 2019-ல் தொடங்கியவை. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து, வீட்டிலிருந்தே வேலை என்பது வழக்கமாக, இத்தொழில் மளமளவென வளர்ந்தது.

இந்த ஏற்பாட்டை ஒட்டுமொத்தமாகப் பழிக்க மாட்டேன். இதற்கு மாற்றாக வெளிநாட்டு நிறுவனங்கள் கையாளும் இன்னொரு வழி, ஆளை ‘ஆலோசகர்’ என்று எழுதிக்கொள்வது. அதில் பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை. அதைவிட இது எவ்வளவோ மேல். பொன்னேரிப் பக்கம் காட்டூரில் இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண், ஊரைவிட்டுப் போகாமலேயே ஐரோப்பிய நிறுவனத்தில் வேலை பார்க்க முடிகிறது என்றால், அந்தக் கதவை எதற்கு அடைக்க வேண்டும்?

சிக்கல், சம்பளம் ஒழுங்காக வரும் நாட்களில் தெரியாது. வராத மாதத்தில்தான் தெரியும். பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிய, காட்டூர்க்காரர்கள் பெர்லின் வரை போக வேண்டியதில்லை. கிழக்கே காட்டுப்பள்ளியைப் பார்த்தால் போதும்.

காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களுக்கு வேலை தருவதாகச் சொல்லப்பட்டது. வேலை கிடைத்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்களாகவே சேர்ந்தார்கள். 2018-ல் துறைமுகத்தின் 97 சதவீதப் பங்குகள் அதானி குழுமத்துக்குக் கைமாறின. கப்பல் கட்டும் தளம் எல் அண்ட் டி வசமே நின்றது. வேலையை நிரந்தரமாக்கக் கோரி இப்பகுதி மீனவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். எந்த நிறுவனத்தையும் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், இப்போதைய உரிமையாளர் இன்னொருவர், சம்பளச் சீட்டில் இருப்பவர் மூன்றாமவர் என்றால், ஒரு மீனவர் எந்த வாசலில் போய் நிற்பது என்பதுதான் கேள்வி.

அந்த மீனவருக்குப் பழகிய ஏற்பாடு வேறு. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் உரிமை. தகராறு என்றால் ஊர்க்கூட்டத்தில் அவரே வந்து பதில் சொல்ல வேண்டும். இதுவும் குறையில்லாத முறை அல்ல. பெண்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. என்றாலும், பெயருள்ளவரே பொறுப்பாளி என்ற அந்த ஒன்றை ஏரிக்கரை தெளிவாக வைத்திருக்கிறது.

நம் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது. ஹுசைன்பாய் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், இடைத்தரகர் என்னும் திரையை விலக்கி உண்மையான முதலாளி யார் என்று பார்க்கச் சொன்னார். 2001-ல் ‘செயில்’ என்ற அரசு உருக்கு நிறுவனத்தின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலே தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது; ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு.

இவை எல்லாமே முதன்மை முதலாளி இந்தியாவுக்குள் இருப்பார் என்று எண்ணி எழுதப்பட்டவை. அவர் பெர்லினில் இருந்தால் திருவள்ளூர் தொழிலாளர் அலுவலர் அனுப்பும் அறிவிப்பு எங்கே போய்ச் சேரும்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. ஒப்பந்ததாரரிடமே முறையாகப் பணியமர்ந்து, ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவரை ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற வரையறையிலிருந்தே அவை விலக்கிவைக்கின்றன. பதிவேட்டு முதலாளியின் ஊழியர்கள் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடுவார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்களை ஐம்பதுக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கோ ஒப்பந்தத் தொழிலாளர் பகுதியே பொருந்தாது. முன்பு அந்த எல்லை இருபதாக இருந்தது.

அதே பெர்லினின் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் ஓர் ஊழியரை இன்னொரு நிறுவனத்துக்கு இரவல் கொடுக்க உரிமம் வேண்டும். பொதுவிதிப்படி ஒரே இடத்தில் 18 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொதுவாக, அதிகபட்சம் ஒன்பது மாதம் கடந்ததும் அங்குள்ள நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். தன் ஊரில் இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு உட்படும் நிறுவனம், இங்கே மட்டும் ஏன் கைவீசி நடக்க வேண்டும்?

கடல் கடந்து போகிறவர்களுக்கு நாம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறோம். 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் உரிமம் பெற, பொதுவாக 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் வாங்கக் கூடாது. இவ்வளவு இருந்தும் ஆட்கள் சிக்கிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். 2020-ல் ஈரான் படகுகளில் வேலைக்குப் போன தமிழக மீனவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் தவித்தார்கள். கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். ஜலஷ்வா, பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அரசின் கப்பல் போய்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது.

ஆனால், ஆளை அனுப்பாமல், இங்கே உட்கார்ந்தபடியே அவர் உழைப்பை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பித் தரும் பதிவேட்டு முதலாளியிடம் அந்தச் சட்டம் எந்த உத்தரவாதமும் கேட்பதில்லை. இது சரியல்ல. அவரிடம் பணியாற்றும் அனைவருக்கும் குறைந்தது மூன்று மாதச் சம்பளத்தை ஈடாகக் கட்டச் சொல்லலாம். வெளிநாட்டு நிறுவனத்தோடு அவர் போடும் ஒப்பந்தத்தில், சம்பள பாக்கிக்கு இருவரும் சேர்ந்தே பொறுப்பு என்ற விதியைக் கட்டாயமாக்கலாம். தொழிலாளர் நலம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு முதலடி எடுத்து வைக்கட்டும்.

அதுவரை, வீட்டில் யாருக்காவது இப்படியொரு நியமனக் கடிதம் வந்திருந்தால், சம்பளத் தொகையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, நிலுவையை யார் தருவார், பணிக்காலம் யாரிடம் கணக்காகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.