கைதட்டல் மட்டும் போதுமா?

1895 ஆகஸ்டில் வடக்கு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் கூடிய ரக்பி கழகங்கள் தலைமை அமைப்பிலிருந்து வெளியேறின. பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர்பெற்ற ஆட்டம் அப்படிப் பிறந்ததுதான். பிளவுக்குக் காரணம் கூலி. ஆட்டத்திற்காக வேலையை விட்டுவரும் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று கழகங்கள் கோரின. வசதி படைத்தோரின் பிடியிலிருந்த தலைமை மறுத்தது.

அந்த ஆட்டத்தின் சக்கர நாற்காலி வடிவம் 2004-இல் பிரான்சில் உருவானது. அணிக்கு ஐந்து பேர். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடுகின்றனர். மாற்றுத்திறனாளி அல்லாதோரும் அணிக்கு இருவர் வரை நாற்காலியில் அமர்ந்து களமிறங்கலாம். இங்கு நாற்காலி இரக்கத்திற்குரிய அடையாளம் அல்ல, விளையாட்டுக் கருவி.

2008-இல் முதல் உலகக்கோப்பையை வென்ற இங்கிலாந்து, 2013, 2017 இறுதிப் போட்டிகளில் பிரான்சிடம் தோற்றது. 2022 நவம்பர் 18 அன்று மான்செஸ்டரில் 4,526 பார்வையாளர்கள் முன்னிலையில் 28-24 என்ற கணக்கில் பிரான்சை வென்று கோப்பையை மீட்டது. லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ் போன்ற தொழில் நகரங்களின் கழகங்கள் இல்லாமல் இந்தத் தேசிய அணி இல்லை.

ஆனால் அந்தத் தேசத்தின் அரசு என்ன செய்தது? 2010-க்குப் பின் அங்கு நடந்த நலத்திட்ட வெட்டுகள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் கடுமையாக மீறுவதாக 2016-இல் ஐ.நா. குழு கண்டறிந்தது. ஆட்சி மாறியும் போக்கு மாறவில்லை. 2025 மார்ச்சில் லேபர் அரசு உதவித்தொகைக்கான தகுதி விதிகளை இறுக்க முனைந்தது. மாற்றுத்திறனாளிகளின் போராட்டமும் ஆளுங்கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பும் சேர்ந்தே ஜூலையில் அந்தப் பிரிவை மசோதாவிலிருந்து அகற்ற வைத்தன.

இந்திய ஆட்சியாளர்களும் விதிவிலக்கல்ல. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது 2016 உரிமைச் சட்டம். அடுத்த ஆண்டே சக்கர நாற்காலிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. வறுமைக்கோட்டிற்குக் கீழே, 80 சதவீத பாதிப்புடன் வாழ்பவருக்கு ஒன்றிய அரசு அளிக்கும் ஓய்வூதியமோ மாதம் 300 ரூபாய்! இதில் நாற்காலியின் டயரைக்கூட மாற்ற முடியுமா? பதக்கம் வென்றவரோடு படம் எடுத்துக்கொள்ளும் அமைச்சர்கள் பதில் சொல்லட்டும்.

தேசிய அணி மைதானத்தில் மட்டும் உருவாவதில்லை. சாய்தளம் உள்ள பேருந்து, வேலை, கௌரவமான ஓய்வூதியம், வரியில்லாத நாற்காலி ஆகியவற்றிலிருந்தே அது தொடங்குகிறது. 1895-இல் தொழிலாளர்கள் கேட்டது சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் இன்று கேட்பதும் சலுகை அல்ல, உரிமை.